பாட்டிலில் இறங்கிய ஒன்பது மில்லிமீட்டர்

மூன்று வயதில் கொதிக்கும் தண்ணீர் கொட்டி வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அதற்குப் பிறகும் அவள் எழுதக் கற்றுக்கொண்டாள், இடது கையால். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளைக் கைகழுவியது. இருபத்தாறு வயதில் தனியாகப் பரீட்சைக்கு உட்கார்ந்து பத்தாம் வகுப்பு தேறினாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவப் போனவள், பதினோரு வருடம் கழித்து அதே கூடத்தின் ஆய்வாளர் தேர்வை மூன்றாவது முயற்சியில் முடித்தாள். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பலருக்குத் தெரியாத ஊரில், மூன்றாவது மாடியில், ஒரு துண்டுக் கடலைக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு வருடம் ஒற்றை ஆளாக உயிரோடு வைத்திருந்தாள். முந்நூற்று இருபது லிட்டர். அளந்தது அண்ணன். அவர் அளந்தால் தப்பு வராது.

இத்தனையும் ஜெயித்தவள் கையெழுத்து விஷயத்தில் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தாள். எழுதத் தெரியும், அழகாகவே எழுதுவாள். ஆனால் பதினெட்டு வயதில் ஒரு வங்கியில் அவள் மெல்ல மெல்லக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த குமாஸ்தா, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டி, "இது கையெழுத்தா, கோழி கிளறினதா?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு சரி. அதன் பிறகு எங்கே போனாலும் கட்டைவிரலை நீட்டினாள். கல்யாணப் பதிவேட்டில் ரேகை, வேலையில் சேர்ந்த கடிதத்தில் ரேகை, புருஷன் இறந்த சான்றிதழை வாங்கிக்கொண்டதற்கும் ரேகை.

அண்ணனுக்கு ஜன்னல்களுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு. காதில் எப்போதும் கண்ணாடியில் எழுதுகிற மெழுகுப் பென்சில் செருகியிருக்கும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அந்தத் துண்டை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று வெட்டுவார். தங்கை புருஷனுக்குத் தொட்டி செய்து கொடுத்ததும் அவர்தான். பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி, நான்கு மூலையும் தானே ஒட்டியது.

அந்த மாப்பிள்ளைக்கு ஏசி ரிப்பேர் தொழில். நாளெல்லாம் மொட்டைமாடி வெயிலில் வெந்துவிட்டு வந்து, சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பவளங்களை அவர் விரல்நகம் அளவில் வாங்கி வந்து பாறையில் ஒட்டுவார். அவை வளர்ந்து கிளை விடும். கண்ணாடியில் பாசி மேய்கிற பெரிய நத்தைக்கு 'வாட்ச்மேன்' என்று பேர் வைத்திருந்தார். எந்நேரமும் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த இறால், 'மேஸ்திரி'. கடல் நீரில் இயற்கையாகவே துளித்துளியாக இருக்கிற அயோடின், மாங்கனீசு, கோபால்ட், வனேடியம் எல்லாம் தொட்டியில் தீர்ந்துபோகும் என்பதால், அவை கலந்த மருந்தை ஒரு சின்ன பாட்டிலிலிருந்து தினமும் பன்னிரண்டு சொட்டு விடுவார். விட்டு முடித்ததும் பாட்டிலின் லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். ஏன் என்று கேட்டால், "மருந்து மூஞ்சியப் பாத்தா மீனுக்குக் காய்ச்சல் வந்துடும் மச்சான்" என்பார்.

வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன், நான்கு நாளில் வந்துவிடுவேன் என்று போனவர், பத்தொன்பதாவது நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

வீட்டில் மிஞ்சியது தங்கையும் மாமனாரும். மாமனார் முப்பத்தெட்டு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். கடையை மூடிய பிறகும், ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டுகிற பித்தளைத் தொப்பி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. பேச்சுக்கு நடுவே அதை எடுத்து மேசையில் டக் டக்கென்று தட்டுவார். மகன் போன பிறகு அந்த மனிதர் தொட்டி இருக்கிற முன்னறையில் உட்காரவில்லை. அதைக் கடக்க வேண்டியிருந்தால் செய்தித்தாளைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்குகிற ஆள் மாதிரி கடந்துபோனார். மகன் பேரை அவர் எடுப்பதில்லை. மருமகளும் எடுப்பதில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நோகக் கூடாதென்று இருந்த இருப்பில் அந்த வீட்டில் தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும்தான் பேசியது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வெளிக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பார். செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அவர் துடைத்துக்கொண்டிருக்கும்போது தங்கை பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிப்பு வராத மாதிரி சொல்லு, சிரிக்கல."

"அவர் வந்துட்டுப் போறார்."

அண்ணன் துணியை நான்காக மடித்துத் தொட்டியின் மேல் வைத்தார்.

"நான் சாயங்காலம் ஆறு மணிக்குச் சொட்டு விடுறேன். மறுநாள் வேலை முடிஞ்சு அஞ்சரைக்கு வந்தா பாட்டில் வாய் ஈரமா இருக்கு. முக்காலி ஒரு சாண் தள்ளிக் கிடக்கு. லேபிள் செவுத்தைப் பாத்து இருக்கு."

"நீயே திருப்பி வச்சிருப்பே."

"நான் திருப்ப மாட்டேன்ணா. லேப்ல லேபிள் தெரியாம ஒரு பாட்டில் வச்சா மேடம் கொன்னுடுவாங்க. பதினோரு வருஷப் பழக்கம்."

"மாமா?"

தங்கை பார்த்த பார்வையில் அண்ணனுக்கே வெட்கமாகிவிட்டது. செய்தித்தாளைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டு ஓடுகிற மனிதர். அவரைச் சந்தேகப்படுவதும் சுவரைச் சந்தேகப்படுவதும் ஒன்று.

அண்ணன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, மருந்து நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போட்டார். அதிலிருந்து நான்கு மில்லிமீட்டர் கீழே இன்னொரு கோடு. "பன்னெண்டு சொட்டு, ஏழு நாள். அடுத்த ஞாயிறு மருந்து இந்தக் கோட்ல நிக்கணும். நின்னா நீ தூக்கக் கலக்கத்துல உளறினேன்னு அர்த்தம்."

அடுத்த ஞாயிறு வந்தார். அளவுகோலை வைத்து இரண்டு தரம் பார்த்தார். ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

"பாத்தியா?" என்றாள் தங்கை. அவள் முகத்தில் பயம் துளியும் இல்லை. பொண்ணு பார்க்க வருகிற நாளில் இருந்ததே ஒரு வெளிச்சம், அது. அண்ணனுக்குப் பயம் வந்தது அதனால்தான்.

அந்த வாரமே வாட்ச்மேன் செத்தது. பாறையடியில் மல்லாந்து கிடந்தது. அதற்குப் பின்னால் சின்ன நத்தைகள் ஒவ்வொன்றாக, கண்ணாடியிலிருந்து பிடி விட்டு விழுந்தன. மேஸ்திரியைக் காணவே இல்லை. இரண்டு கல் புரளாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்துத்தான் அது இல்லையென்று தெரிந்தது. பிறகு, மாப்பிள்ளை கடைசியாக ஒட்டிய ஊதாப் பவளம். நகமளவில் வந்து, உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்தது. அதன் அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது. அண்ணன் கண்ணாடிக்கு வெளியே அந்த வெள்ளையின் எல்லையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். வாரத்துக்கு ஒரு கோடு. கோடுகள் மேலே ஏறின.

"தண்ணிய உன் லேப்ல போட்டுப் பாரு," என்றார்.

"வேணாம்ணா."

"ஊர்ல இருக்கற கிணறு, குழாய், தொழிற்சாலைத் தண்ணி எல்லாத்தையும் பாக்கறே. இதை மட்டும் ஏன் வேணாங்கறே?"

தங்கை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"பாத்தா தெரிஞ்சுடும்ணா. தெரிஞ்சா சரி பண்ணணும். சரி பண்ணிட்டா, அவர் அப்புறம் எதுக்கு வருவார்?"

பார்க்காவிட்டால் தொட்டி சாகும். பார்த்தால் அவளுக்கு அந்த விருந்தாளி போய்விடுவார். கண்ணாடி வெட்டுகிறவருக்குத் தெரியும், கோடு கிழித்துவிட்டால் உடைந்தே தீரும். அவள் கோடு கிழிக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஒரு புதன்கிழமை, பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்குக் கண்ணாடி பொருத்திவிட்டு, மூன்று மணி வெயிலில் அண்ணன் அந்த மாடி ஏறினார். சாவி அவரிடமும் ஒன்று உண்டு. கதவைத் திறந்தார். பளீரென்று பகல். மாமனார் அறைக்கதவு சாத்தியிருந்தது, உள்ளே ரேடியோ முணுமுணுத்தது. தொட்டியின் நீல விளக்கு எரிந்தது. அதற்கு முன்னால் முக்காலி. பாட்டிலின் வாயில் ஒரு சொட்டு நின்றது, விழவா வேண்டாமா என்பது போல. லேபிள் சுவரைப் பார்த்திருந்தது.

அந்த முக்காலியில் மாப்பிள்ளையோடு மாறி மாறி எத்தனையோ தரம் உட்கார்ந்தவர் அவர். அன்றைக்கு உட்காரத் தைரியம் வரவில்லை. "மாப்பிள்ளை?" என்று கூப்பிட்டுவிட்டார். ரேடியோ நின்றது. பிறகு மறுபடியும் முணுமுணுத்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் பென்சிலை உள்ளேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பி ஏறவில்லை.

இதற்கு நடுவில் பரிசோதனைக் கூடத்திலும் ஒரு வேலை முடியாமல் நின்றுகொண்டிருந்தது. தேர்வு முடித்த ஆய்வாளர், தானே கொண்டுவந்த ஒரு தண்ணீரை முதலிலிருந்து கடைசிவரை தனியாகச் சோதித்து, அறிக்கையில் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வாளர் நாற்காலி. தலைமை ஆய்வாளர் அம்மா ஜூலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "ஏதாவது ஒரு தண்ணியக் கொண்டு வாம்மா. சாக்கடைத் தண்ணின்னாலும் பரவாயில்ல." தங்கை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். அந்த நாற்காலியில் ரேகை செல்லாது.

நவம்பர் முதல் ஞாயிறு. ஊதாப் பவளத்தில் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளை. அண்ணன் புதுப் பென்சிலோடு வந்தார், ஆனால் கோடு போடவில்லை. முக்காலியை இழுத்துத் தங்கைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"பொடிசு, நான் ஒத்துக்கறேன். மாப்பிள்ளை வந்துதான் போறார்."

அவள் நிமிர்ந்தாள்.

"நானே ஒருநாள் பாத்தேன். ஆள் தெரியல, ஆனா பாத்தேன். சரி, வரட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. வாட்ச்மேனை அவர் கொல்லுவாரா? தன் கையால ஒட்டுன பவளத்தைத் தன் கையாலயே உரிப்பாரா?"

தங்கை தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

"மாட்டார்," என்றாள்.

மறுநாள் காலையில் மூன்று முறை அலசிய பாட்டிலில் தொட்டித் தண்ணீரை மோந்து, லேபிள் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். தண்ணீரைப் புகையாக்கித் தீயில் தெளித்து, அந்தத் தீயின் நிறத்தைப் பிரித்து, எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்கிற இயந்திரம் அங்கே உண்டு. வடிகட்டி, அமிலம் சேர்த்து, மூன்று தடவை ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காகிதத்தோடு நேரே அண்ணன் கடைக்கு வந்து, அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காகிதத்தின் அடியில் கையெழுத்திடும் இடம் காலியாக இருந்தது.

"அயோடின், மாங்கனீசு, கோபால்ட், வனேடியம். எல்லாம் ஏகத்துக்கு ஏறியிருக்குண்ணா. பாட்டில்ல என்ன விகிதமோ அதே விகிதம். பாட்டில்தான் கூடுதலா இறங்குது. பரீட்சைக்குப் படிக்கறேன்னு பிப்ரவரியிலேருந்து நானும் தண்ணி மாத்தறதைக் குறைச்சுட்டேன், அதனால வெளியேறவே இல்ல. ஆனா பாட்டில்ல இல்லாத ரெண்டு இருக்கு. செம்பும் துத்தநாகமும். நத்தை, இறால் செத்தது செம்பால."

அண்ணன் காகிதத்தை வாங்கவில்லை. "செம்பும் துத்தநாகமும் சேந்து வந்தா, எங்க தொழில்ல அதுக்குப் பேர் பித்தளை. கீல், தாழ்ப்பாள், கைப்பிடி." தொட்டிக்கு அடியில் இருக்கிற அலமாரியைத் திறந்து கீல்களைத் தடவிப் பார்த்தார். அவரே போட்ட ஸ்டீல் கீல்கள். குழாய் இணைப்பு பிளாஸ்டிக். தங்கை தரையில் மண்டியிட்டு மோட்டாருக்குப் பின்னால் தேடினாள்.

"என்னம்மா தேடறீங்க ரெண்டு பேரும்?"

மாமனார் நடுக்கதவில் நின்றார். கையில் செய்தித்தாள் இருந்தது, கன்னத்தில் இல்லை.

"பித்தளை மாமா," என்றார் அண்ணன். "இந்தத் தண்ணிக்குள்ள எங்கேருந்தோ பித்தளை கரையுது. மீன் மருந்து மாதிரி புளிப்பானது பட்டா கரையும்."

மாமனார் சட்டைப்பைக்குள் கையை விட்டு, அந்த விரல்தொப்பியை எடுத்து உள்ளங்கையில் நீட்டினார். அதன் உட்பக்கம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

"சொட்டு விடுற கண்ணாடிக் குழாய் மே மாசம் உடைஞ்சு போச்சு இல்ல," என்றார். "நீ வேற ஒண்ணு கொண்டு வந்தே. ஆனா அதைத் தினமும் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடறே."

"கழுவறதுக்கு மாமா. கழுவாம வச்சு எனக்குப் பழக்கமில்ல."

"அதான். அதுக்கப்புறம் நான் இதுல பாதி அளவு ஊத்தி விட்டேன். பன்னெண்டு சொட்டு இருக்கும்னு ஒரு குத்துமதிப்பு. தினமும் மூணு மணிக்கு. நீ வர்றதுக்குள்ள."

"எதுக்கு மாமா?"

"அவன் சொன்னான்மா. ஆஸ்பத்திரியில. 'அவளுக்கு வேலை ஜாஸ்திப்பா, அவகிட்ட சொல்லாம நீங்களே விட்டுடுங்க'ன்னு." இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அவர் மகனைப் பற்றிப் பேசினார். "செத்துப்போனப்புறம் இதைப் பாக்கவே முடியலைம்மா எனக்கு. ஆனா சொல்லிட்டுப் போயிட்டான். கண்ணை மூடிக்கிட்டு வந்து, முக்காலியில இடிச்சுக்கிட்டு, ஊத்திட்டு ஓடிடுவேன்."

தங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்டயும் சொன்னார் மாமா. 'அப்பாவுக்குக் கை நடுங்குது, அவர்கிட்ட சொல்லாத, நீயே விட்டுடு'ன்னு."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டு பேர் பாரத்தையும் இறக்கறேன்னு ரெண்டு பேர் தலையிலயும் ஏத்தி வச்சுட்டுப் போயிருக்காரு மகராசன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். தங்கைக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் திரும்பி அழுகையானது. அவர் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. இரண்டாவது தடவையாகச் சாகிறவருக்கு அழுகிற அழுகை என்று அண்ணனுக்குப் புரிந்தது. அவள் தலையில் கை வைத்தபடி நின்றார்.

"அப்போ எல்லாத்தையும் நான்தான் கொன்னுட்டேனாம்மா?" என்றார் மாமனார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல மாமா. பாதி நான் ஊத்தினது."

பிறகு, எதுவோ நினைவுக்கு வந்தவளாக, "அந்த லேபிளை மட்டும் எதுக்கு மாமா செவுத்துப் பக்கம் திருப்பி வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"திருப்ப மாட்டேனேம்மா," என்றார் அவர். "அங்க மூணு பாட்டில் இருக்கு. பேர் கண்ணுக்கு நேரா இருந்தாத்தான் எனக்கு எது எதுன்னு தெரியும்."

அண்ணன் பாட்டிலைப் பார்க்காமலிருக்க முயன்று, பார்த்தார். லேபிள் சுவரைப் பார்த்திருந்தது.

அன்று மாலையே பாதித் தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் ஏற்றினார்கள். உலோகத்தை உறிஞ்சும் கரித்தூள் பையை மாமனார் தன் கையால் தைத்துக் கொடுத்தார், விரலில் தொப்பி இல்லாமல். இரண்டு தடவை குத்திக்கொண்டார். உலோகம் இறங்கிய பிறகு சொட்டு விடுகிற வேலை அவருடையது மட்டுமே என்று முடிவானது. கண்ணாடிக் குழாய் பாட்டிலோடேயே கட்டித் தொங்கியது. ஊதாப் பவளத்தில் விரல்நகம் அளவு மிஞ்சியது, வந்தபோது இருந்த அளவு. அதன் ஓரத்தில் அண்ணன் அன்று போட்ட கடைசிக் கோட்டை அப்புறம் வெள்ளை தாண்டவில்லை.

வியாழக்கிழமை பரிசோதனைக் கூடத்தில் தலைமை ஆய்வாளர் அம்மா அறிக்கையைப் படித்து முடித்து, பழக்க தோஷத்தில் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை மூடித் திருப்பித் தள்ளிவிட்டு, இடது கையில் பேனாவை எடுத்தாள். நேரமாயிற்று. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

அன்று மாலை வீட்டில் நகலை அண்ணனிடம் கொடுக்கும்போது, "தண்ணில இருக்கறதுக்கு மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேண்ணா," என்றாள். "மத்ததுக்கு இல்ல."

அண்ணன் அந்தப் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரலால் தொட்டுப் பார்த்தார். கோணல் இல்லை. அளவுகோல் வைத்தாலும் நேராக நிற்கும். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, தொட்டியின் பின்கண்ணாடியில், தண்ணீர் படாத மேல்மூலையில், அவள் மறுபடியும் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாளை எழுதி வைத்தார்: 2023 நவம்பர் 9, வியாழக்கிழமை.